சீத்தாக்கொட்டையும் காலிக் கேனும்

சீத்தாப்பழக் கொட்டைக்குள் எண்ணெய் இருக்கிறது என்று அஞ்சுகத்துக்கு முதன்முதலில் சொன்னவள் அவளுடைய ஓரகத்தி சென்னம்மாதான். அதையும் அவள் ஒரு தகவலாகச் சொல்லவில்லை, குத்தலாகத்தான் சொன்னாள். "நீங்க பாலிடெக்னிக்குல கெமிஸ்ட்ரி சொல்லிக் குடுக்கறீங்களேக்கா, நான் வேலைக்குப் போற பழக்கூழ் ஆலையில குப்பையில கொட்டற சீத்தாக்கொட்டைய ஒரு கை அள்ளி அடுப்புல போட்டா எண்ணெ கக்கிக்கிட்டு எரியுது. கண்ணெரிச்சல்தான் தாங்கல. இதெல்லாம் உங்க புஸ்தகத்துல வருமா?" புத்தகத்தில் இருக்கத்தான் இருந்தது, அஞ்சுகம் அந்தப் பக்கத்தைப் புரட்டியதில்லை, அவ்வளவுதான். அன்று தொடங்கிய வேலை இதோ எதிரே இரும்பாக நின்று அதிர்ந்துகொண்டிருக்கிறது. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின், அதன் தோளில் ஒரு கண்ணாடிக் குழாய், குழாய்க்குள் இளம் தேன் நிறத்தில் இறங்கிக்கொண்டிருக்கும் எரிபொருள், ஐந்தில் ஒரு பங்கு கொட்டை எண்ணெயிலிருந்து வந்தது, மீதி டீசல். சனிக்கிழமைப் பிற்பகல். மாணவிகள் யாரும் இல்லை. ஆய்வுக்கூடத்தின் தகரக் கூரை வெயிலை வாங்கி வாங்கிக் கீழே இறக்கியது. தொட்டி தீரும்வரை ஒரே பளுவில் ஓட வேண்டும், நடுவில் ஒரு முறைகூட இருமக் கூடாது, தீர்ந்ததும் எரிபொருளைத் தெளிக்கும் மூக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும், கரி பிடித்திருக்கக் கூடாது. செய்வதற்கு இனி ஒன்றுமில்லை, கேட்டுக்கொண்டிருப்பதைத் தவிர. ஓடுகிறது. முக்காலியின் விளிம்பு தொடையில் அழுந்தியது. முதுகு, இடுப்பிலிருந்து பிடரிவரை, யாரோ ஈரத் துணியை முறுக்கிப் பிழிந்து மறந்துபோய் வைத்துவிட்டது போல் இருந்தது. எஞ்சின் ஆய்வுக்கூடத்தின் பயிற்றுநர் லூர்துசாமி புகைக்குழாய்ப் பக்கம் போய் மூக்கை உறிஞ்சிவிட்டு வந்து, "மேடம், பசி நேரத்துல இப்படி வடை சுட்ட வாசனைய வுடறீங்களே, நியாயமா? நான் போய் ஒரு டீயாவது குடிச்சிட்டு வரேன், அதுவரைக்கும் உங்க வடைய நீங்களே பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் சிரித்தாள் என்றுதான் நினைத்தாள். முகம் அசைந்ததா என்று தெரியவில்லை. காலடியில் மூன்று கேன்கள் இருந்தன. மஞ்சள் கேனில் காலையில் பங்க்கில் வாங்கிய வெறும் டீசல். நீலக் கேனில் இதே கலவை, இப்போது எஞ்சினில் ஓடிக்கொண்டிருப்பது. இரண்டுக்கும் நடுவே, கைப்பிடியில் கம்பி சுற்றிய பழைய வெள்ளைக் கேன், காலி. அது மாதையனுடையது. மாதையன் அவளுடைய கொழுந்தன், சென்னம்மாவின் கணவன். இன்று அதை எடுத்துப்போக வருகிறான். எதை ஊற்றிக் கொடுப்பது என்பது இந்த எஞ்சின் நிற்பதற்குள் முடிவாக வேண்டும்.

ஓடுகிறது. கொட்டையின் கறுப்பு ஓடு இலேசில் உடையாது. உடைத்தால் உள்ளே வெள்ளைப் பருப்பு. அந்தத் தூள் ஒரு துகள் கண்ணில் விழுந்தால் போதும், மிளகாயே மேல் என்றிருக்கும். பெண்கள் அதை அரைத்துப் பேனுக்குப் போடுவார்கள், போட்டுவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டு தலையைப் பின்னால் சாய்த்து உட்கார்ந்திருப்பார்கள். அவளும் சிறுமியாக அப்படி உட்கார்ந்திருக்கிறாள், வாசல் வெயிலில், இமைக்குள் ஆரஞ்சு நிறம் மிதக்க. முதல் மூட்டையை அரைத்த நாளில் இரண்டு கண்ணும் வீங்கி வகுப்புக்குப் போனபோது, முதல் பெஞ்சுப் பெண்ணொருத்தி எழுந்து, "மேடம், வீட்டுல ஏதாவது பிரச்சனையா மேடம்?" என்று கேட்டாள், கேட்ட குரலில் இரக்கத்தைவிட ஆவல் கூடுதலாக இருந்தது. பிரச்சனை ஒன்றும் இல்லை, பேன் மருந்துதான் என்று சொல்லியிருந்தால் அது இன்னும் பெரிய கதையாகியிருக்கும். எண்ணெயை எடுப்பது ஒரு பாடு என்றால் அதை எரிபொருளாக்குவது வேறொரு பாடு. காஸ்டிக் சோடாவைக் கரைத்த மெத்தனாலை ஊற்றிச் சூடாகக் கலக்கிக்கொண்டே இருந்தால், பொறுமை இருந்தால், அடியில் வெல்லப்பாகு போல் கிளிசரின் இறங்கும், மேலே தெளிந்து நிற்பதுதான் வேண்டியது. அதை வெந்நீரால் கழுவ வேண்டும், மெல்ல, கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவது போல. அவசரப்பட்டுக் குலுக்கினால் எல்லாம் சோப்பு நுரையாகத் திரண்டு, தண்ணீரும் ஆகாமல் எண்ணெயும் ஆகாமல், பிடிவாதக்காரப் பிள்ளை போல உட்கார்ந்துகொள்ளும். கழுவியதைப் பிறகு காய்ச்சி, உள்ளே ஒளிந்திருக்கும் ஈரத்தை ஓட்ட வேண்டும். ஈரம் போயிற்றா இல்லையா என்று அறிய எந்தக் கருவியும் வேண்டியதில்லை. கண்ணாடிக் குடுவைக்குப் பின்னால் கையை வைத்துப் பார்த்தால் ரேகை தெரிய வேண்டும். தெரியாமல் மங்கலாக, மார்கழி மூட்டம் போல இருந்தால் தண்ணீர் இருக்கிறது என்று பொருள். இருபத்தாறு ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிற ஒருத்திக்கு இது தெரியாதா? தெரியும். மங்கலாக இருந்ததும் தெரியும். தெரிந்தேதான் ஊற்றினாள். நினைவு அந்த இடத்துக்கு வந்ததும் நுகத்தடியைக் கண்ட மாடு போலத் தயங்கி நின்றது. அவள் அதைத் தட்டி வேறு பக்கம் ஓட்டப் பார்த்தாள். குழாயில் எரிபொருள் இரண்டு கோடு இறங்கியிருந்தது. குளிர்விக்கும் தண்ணீர் ரப்பர்க் குழாயின் நுனியிலிருந்து சளசளவென்று வாளியில் விழுந்துகொண்டிருந்தது. மாதையனின் காட்டில் தண்ணீர் வாய்க்காலில் விழும் ஓசை இப்படி இருக்காது. மண்ணில் விழும் தண்ணீருக்குச் சத்தம் குறைவு.

வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கலாகாது. யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நிற்கவும் நடக்கவும் யார் சொல்லிக் கொடுத்தார்கள்? பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வந்த கிண்ணம் திரும்பிப் போகும்போது அதில் ஒரு பிடி சர்க்கரையாவது, நாலு பச்சைமிளகாயாவது, ஒன்றும் இல்லாத நாளில் ஒரு சிட்டிகை உப்பாவது இருக்கும். போன பங்குனியில் ஆய்வுக்கூடத்தில் டீசல் தீர்ந்துபோயிற்று. நிதியாண்டு முடிகிற நேரம், புதிதாக எதையும் வாங்க அலுவலகம் சம்மதிக்கவில்லை. அதை அவள் வீட்டில் ஒரு பேச்சுக்காகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, சந்தைக்கு வந்தவன் அப்படியே வீட்டுக்கும் வந்திருந்த மாதையன், "அதுக்கென்ன அண்ணி" என்று எழுந்துபோய், மோட்டார் சைக்கிளில் கட்டியிருந்த வெள்ளைக் கேனை அவிழ்த்து வந்து வைத்துவிட்டான். மின் இணைப்புக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறவன். ஆற்றுக் குட்டையிலிருந்து டீசல் எஞ்சினால்தான் தண்ணீர் இறைக்கிறவன். தக்காளி நாற்று விட்டிருந்த சமயம். "எனக்கு அடுத்த வாரம் வாங்கிக்கலாம். நீங்க படிப்பு வேலைய நிறுத்தாதீங்க." ஆய்வுக்கூடத்தில் அவள் அதை அளவு ஜாடியில் ஊற்றி அளந்தாள், நம்பிக்கைக் குறைவால் அல்ல, கலவையின் விகிதத்துக்காக; ஐந்து லிட்டர் கேன் ததும்ப இல்லை, அரை லிட்டர் குறைந்திருந்தது, அதைக்கூடக் குறித்துவைத்தாள், அது அவள் பழக்கம். அடுத்த வாரம் அவன் கேனுக்கு வந்து நின்றான். பங்க்குக்குப் போக நேரமில்லை. கேன் காலியாக இருந்தது. காலியாக எப்படிக் கொடுப்பது? அடுப்பருகே குடுவையில் கழுவி முடித்த புது எண்ணெய் இருந்தது, இன்னும் காய்ச்சவில்லை. பின்னால் கை வைத்துப் பார்த்தாள். ரேகை தெரியவில்லை. தெரியவில்லை, தெரியவில்லை, ஆனால் மாதையன் வாசலில் நின்றுகொண்டிருந்தான், வெயிலில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு. ஒரு நாள் வைத்திருந்தால் தானே தெளிந்துவிடும் என்று அவளுக்குள் ஒருத்தி சொன்னாள். அந்த ஒருத்தி வேதியியல் படித்தவள் அல்லள், நல்ல குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். ஊற்றி, மூடியை இறுக்கி, துணியால் துடைத்துக் கொடுத்தாள். "என்னோட சொந்தத் தயாரிப்பு தம்பி" என்று வேறு சொன்னாள். அந்தச் சொந்தம், அந்தத் தயாரிப்பு. அந்த இரண்டு சொல்லும் இத்தனை மாதங்களாகத் தொண்டைக்குள் மீன் முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கின்றன. ஓடுகிறதா? ஓடுகிறது. நான்காம் நாள் காலை, வகுப்பின் நடுவில் கைபேசி அடித்தது. அவள் எடுத்தபோது அவன் ஒன்றும் பேசவில்லை. கைபேசியை எஞ்சினருகே பிடித்திருந்தான் என்று பிறகுதான் புரிந்தது. டக், டக், டக் என்று ஓடியது, ஒன்று விட்டது, இருமியது, கிழவர் இருமுவது போல அடிவயிற்றிலிருந்து, மறுபடி ஓடப் பார்த்தது, பிறகு காற்று. "கேட்டீங்களா அண்ணி" என்றான். அவ்வளவுதான் பேச்சு. எஞ்சினுக்கு டீசலைத் தள்ளும் பம்ப்புக்குள் தண்ணீர் போய், உள்ளே வழவழவென்று ஓட வேண்டிய தண்டு இறுகிவிட்டது என்று மெக்கானிக் சொன்னானாம். உதிரிப்பாகம் ஓசூரிலிருந்து வருவதற்குள் பங்குனி வெயில் நாற்றங்காலைப் பார்த்துக்கொண்டது. பழுது பார்த்த செலவைக் கொடுக்கப் போன அவள் கணவரிடம், "அது கெடக்குதுண்ணா, மோர் குடிங்க" என்றானாம். இவர் மோரைக் குடித்துவிட்டு வந்து, "அவனுக்குக் கோபமே இல்லை, நீ ஏன் மனசைப் போட்டு உழப்பிக்கிறாய்" என்றார். மோரைக் கொடுத்தால் கோபம் இல்லை என்று எடுத்துக்கொள்கிற ஆண்களின் நிம்மதி அவளுக்கு வாய்க்கவில்லை.

ஏனென்றால் கேன் திரும்பி வந்தது. அதுதான். அந்த மாதக் கடைசியில் கிருஷ்ணகிரி பஸ் நடத்துநர் வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார், சென்னம்மா கொடுத்துவிட்டாள் என்று. அடுத்த தடவைக்கு இருக்கட்டும் என்ற மரியாதைக்கா, இனி இந்தப் பக்கமே வராதே என்பதற்கா, சொல்லி அனுப்பவில்லை. அவள் மூடியைத் திறந்து பார்த்தாள். கவிழ்த்தும் பார்த்தாள். காலி. ஒரு தக்காளி இல்லை, ஒரு கைப்பிடி கொள்ளு இல்லை, கேனின் கைப்பிடியில் கட்டிவிட ஒரு கொத்து முருங்கைக்காய்கூட இல்லை. சென்னம்மா தெரியாதவளா? தீபாவளிப் பலகாரத் தூக்கைத் திருப்பும்போது அடியில் அவரைக்காயைப் போட்டு மூடி அனுப்புகிறவள், காலிக் கேனை அனுப்பினாள் என்றால் யோசித்துத்தான் அனுப்பியிருப்பாள். திட்டியிருந்தால் அஞ்சுகம் மறுநாளே பங்க்குக்குப் போய் டீசலை வாங்கிக் கொடுத்து முடித்திருப்பாள். வெறுங்கேனுக்கு எதிரே வெறும் டீசலை வைக்க அவளால் முடியவில்லை. என் எண்ணெய் கெட்டதில்லை, அதில் நின்ற தண்ணீர்தான் கெட்டது என்று நிரூபித்துவிட்டு, நிரூபித்ததையே ஊற்றிக் கொடுக்க வேண்டும், அதுதான் முறை. அப்படி நினைத்துக்கொண்டுதான் பத்து மாதம் போனது. பொங்கலுக்கு அவர்கள் வரவில்லை. இவளும் போகவில்லை. கொட்டைகளை உடைத்தாள், கழுவினாள், காய்ச்சினாள், குடுவைக்குப் பின்னால் கையை வைத்து வைத்து, தன் உள்ளங்கை ரேகைகள் தனக்கே மனப்பாடமாகும்வரை பார்த்தாள். துறைத்தலைவர், "வயசான காலத்துல எதுக்கும்மா இந்தப் பாடு, பேசாம ஒரு கட்டுரைய எழுதிப் போட்டுட்டுப் போங்களேன்" என்றார். எழுதிப் போடலாம். கட்டுரையை யார் காட்டில் ஊற்றுவது? நேற்று ஒருவழியாகக் கைபேசியை எடுத்து, "கேன் இங்கயே கெடக்குது தம்பி, நாளைக்குச் சந்தைக்கு வந்தா காலேஜுல வந்து எடுத்துக்கோ" என்றாள். "சரி அண்ணி." அதை அவள் இரவெல்லாம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சரி என்பதில் ரகரம் சற்றே நீண்டதா? அண்ணி என்றான், அப்படியானால் உறவு அறவில்லை. ஆனால் அண்ணியை வேறு எப்படித்தான் கூப்பிடுவான், மேடம் என்றா? எஞ்சின் இருமியது. இல்லை. இருமவில்லை, வெளியே யாரோ பெஞ்சை இழுக்கிறார்கள். நெஞ்சு மட்டும் இருமிவிட்டது. வியர்வை ரவிக்கைக்குள் முதுகுத்தண்டோடு இறங்கியது. ஓடுகிறது, ஓடிக்கொண்டேயிருக்கிறது, குழாயில் இன்னும் ஒரு விரற்கடைதான் பாக்கி. நீலக் கேனை ஊற்றிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வான். அது அவளுக்குத் தெரியும். வாங்கிக்கொண்டு போய் என்ன செய்வான் என்பதுதான் தெரியாது. மஞ்சள் கேனை ஊற்றினால், இத்தனை கொட்டை, இத்தனை கண்ணெரிச்சல், இந்த முதுகு, எல்லாம் எதற்கு? கால்விரலால் நீலக் கேனைச் சற்று முன்னால் நகர்த்தினாள்.

தொட்டி தீர்ந்து எஞ்சின் தானாக ஓய்ந்தபோது, அந்த அமைதி அவள் காதுகளில் பஞ்சாக அடைத்தது. டீ குடித்துத் திரும்பியிருந்த லூர்துசாமி ஸ்பானரை எடுத்து மூக்கைக் கழற்றி, துணியில் துடைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "பொட்டு கரி இல்ல மேடம். கல்யாண மூக்குத்தி மாதிரி இருக்கு. போட்டுக்கறீங்களா?" என்றார். வெதுவெதுப்பான அந்த உலோகத் துண்டை உள்ளங்கையில் வாங்கி வைத்துக்கொண்டு நின்றாள். பொங்கி வர வேண்டிய ஏதோ ஒன்று வரவில்லை. படியேறி முடித்தவன் மூச்சுக்காக நிற்பது போல உடம்பு சும்மா நின்றது. வாசலில் நிழல் விழுந்தது. மாதையன் செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தான். ஆய்வுக்கூடத்துக்குச் செருப்போடு வர வேண்டும் என்று அவள் மாணவிகளிடம் தொண்டை வறளச் சொல்கிறவள். அவனிடம் சொல்லத் தோன்றவில்லை. இளைத்திருந்தான். "சத்தம் கேட்டுக்கிட்டுத்தான் வெளிய பெஞ்சுல ஒக்காந்திருந்தேன் அண்ணி. நல்லா ஓடுச்சு. நம்மளதா?" என்றான். "நம்மளதுதான்" என்றாள். பிறகு, கேட்கக் கூடாது, கேட்கக் கூடாது என்று பத்து மாதம் பூட்டிவைத்திருந்தது, களைத்த உடம்பில் காவல் இல்லாததால், தானே கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தது. "சென்னம்மா எதுக்கு தம்பி கேனை வெறுசா அனுப்பினா?" அவன் புரியாமல் பார்த்தான். புரிந்ததும் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். "அட, அதுவா. அவ ரெண்டு நாளு பொலம்பினா அண்ணி. அக்கா வூட்டுக்கு வெறுங்கேன அனுப்பறோமே, என்ன நெனைப்பாங்களோன்னு. போடறதுக்குக் காட்டுல என்ன அண்ணி இருந்துச்சு? எல்லாம் காஞ்சிருச்சு. பொங்கலுக்கும் அதான், வெறுங்கையோட எப்படி வர்றதுன்னு நின்னுட்டோம்."  அவள் மூக்கை மேசைமேல் வைத்தாள். அது உருண்டு ஓரத்துக்குப் போயிற்று. லூர்துசாமி பிடித்துக்கொண்டு, தமக்குத் திடீரென்று அடுத்த அறையில் வேலை இருப்பதைக் கண்டுபிடித்து நகர்ந்தார். "அன்னிக்கி நீ பாக்கலையா தம்பி? டீசல் இல்லன்னு தெரியலையா?" "மூடியத் தொறந்ததுமே தெரிஞ்சுது. எண்ணெ வாசம். கலங்கலா வேற இருந்துச்சு. மூணு நாளு ஊத்தாம ஓரமா வெச்சிருந்தேன்." "அப்பறம் எதுக்கு ஊத்துன?" "அண்ணி குடுத்தத எப்படிக் கீழ ஊத்தறது? போன் பண்ணி எப்படி இருக்குதுன்னு கேட்டீங்கன்னா என்ன சொல்றது?" அவன் சொன்னதில் குறை இல்லை, குற்றச்சாட்டு இல்லை, மழை பெய்தது, வெயில் அடித்தது என்பது போலச் சொன்னான். அவள் கொடுக்கக் கூடாதது என்று தெரிந்து கொடுத்திருக்கிறாள், அவன் ஊற்றக் கூடாதது என்று தெரிந்து ஊற்றியிருக்கிறான், நடுவில் நாற்று காய்ந்திருக்கிறது. சிரிப்பு வரும் போலிருந்தது. கண்ணில்தான் வந்தது, கொட்டைத்தூள் ஒன்றும் பறக்காமலே.

அவள் குனிந்தாள். நீலக் கேனின் மூடியில் கை வைத்தாள். தெளிவாக இருக்கிறது, இந்தக் கூடத்தில் இருப்பதிலேயே தெளிவாக இருப்பது இதுதான், கரி இல்லை, ஈரம் இல்லை, நீயே உன் காதால் கேட்டாய். இதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம், சொன்னால் சரி அண்ணி என்பான், இந்தத் தடவை அது ஓடவும் ஓடும். "தம்பி, உனக்கு எது வேணும்னு நீ சொல்லு. மொகத்துக்காகச் சொல்லாத. மஞ்சக் கேன்ல வெறும் டீசல், நீலத்துல என்னோடது." மாதையன் இரண்டையும் பார்த்தான். தரையைப் பார்த்தான். அவன் கால் பெருவிரல் சிமெண்டுத் தரையில் ஒரு கோடு போட்டது. அவன் சொல்லப்போவது அவன் வாயில் எவ்வளவு கனக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. அதைத் தூக்கி இறக்கிவைக்க அவள் உதவவில்லை, காத்திருந்தாள். "டீசலே குடுங்க அண்ணி" என்றான். "மறுபடியும் நாத்து வுட்டிருக்கேன். உங்களுத நீங்க இன்னும் நல்லாப் பாருங்க. ஒரு வெள்ளாம கைக்கு வந்துரட்டும், அப்பறம் நானே கேனைத் தூக்கிக்கிட்டு வரேன்." சொல்லிவிட்டு, திட்டு வாங்கப்போகிற பையனைப் போல ஒரு பக்கமாக நின்றான். பத்து மாதத்தில் முதல் தடவையாக யாரோ தன் எண்ணெயைப் பற்றி உண்மையைப் பேசியிருக்கிறார்கள் என்று அஞ்சுகம் நினைத்தாள். முதுகில் முறுக்கியிருந்த துணி ஒரு சுற்று தளர்ந்தது, ஒரு சுற்றுதான். நீலக் கேனை மேசைக்கடியில் தள்ளினாள். வெள்ளைக் கேனுக்குள் உலர்ந்த துணியை விட்டுத் துழாவித் துடைத்தாள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள், மஞ்சள் கேனைத் திறந்து ஜாடியில் அளந்து அளந்து ஊற்றினாள்.  கேன் நிறைய இன்னும் கொஞ்சம் இடமிருந்தது. ஜாடி அதை நோக்கிச் சாய்ந்தது. "போதும் அண்ணி, போதும்" என்று மாதையன் பதறிக் கேனின் வாயைக் கையால் மூடினான். "மேல ஒரு சொட்டு ஊத்துனீங்கன்னா, அதுக்கு நாங்க என்னத்தப் போட்டு அனுப்பறது?" அவள் ஜாடியை நிமிர்த்தினாள். அவன் அன்று கொண்டுவந்து வைத்தது எவ்வளவோ அவ்வளவு: நாலரை லிட்டர்.